ஒரே கார்டு, பல புரோட்டோகால்: டாஸ் கணினியில் நெட்வொர்க் அடுக்குகள்

பழைய 386 ஒன்றையோ 486 ஒன்றையோ தூசு தட்டி எடுத்து நெட்வொர்க்கில் சேர்க்க உட்கார்ந்தால், கேபிளைச் செருகும்வரை எல்லாம் எளிதாகவே போகும். அதற்குப் பிறகுதான் பெயர்கள் வரிசைகட்டி வந்து நிற்கும்: எல்எஸ்எல், ஐபிஎக்ஸ்ஓடிஐ, புரோட்மேன், நெட்பயாஸ், பாக்கெட் டிரைவர், வின்சாக். இவற்றில் எது எதற்கு மேலே உட்காரும், எது எதற்குப் பதிலாக வரும் என்று எந்த ஃப்ளாப்பியின் மேலும் எழுதியிருக்காது.

இத்தனை பெயர்கள் வந்ததற்குக் காரணம், டாஸுக்கு நெட்வொர்க் கார்டு என்று ஒன்று இருப்பதே தெரியாது என்பது. டிஸ்க், கீபோர்டு, திரை ஆகியவற்றுக்கு டாஸும் பயாஸும் வழி வைத்திருந்தன. நெட்வொர்க் கார்டுக்கு எதுவும் வைக்கவில்லை. ஆகவே கார்டு செய்தவர்களும் சர்வர் விற்றவர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆளுக்கொரு வழி போட்டுக்கொண்டார்கள். இந்த அத்தியாயம் அந்த வழிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும். எந்தக் கோப்பு கையில் கிடைத்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள்: இது கீழே யாரிடம் பேசுகிறது? மேலே யாருக்குப் பதில் சொல்கிறது? இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் அந்தக் கோப்பின் இடம் தெரிந்துவிடும்.

அடுக்குகள் கீழிருந்து மேலாக இப்படி வரும்: கார்டு, அந்தக் கார்டை மட்டும் அறிந்த டிரைவர், பொட்டலத்தை யாருக்கு, எந்த வடிவில் அனுப்புவது என்று அறிந்த புரோட்டோகால், நிரல்கள் அந்தப் புரோட்டோகாலைக் கூப்பிடுவதற்கான புரோகிராமிங் இன்டர்ஃபேஸ், அதற்கும் மேலே நாம் பயன்படுத்தும் நிரல். இந்த அத்தியாயத்தில் வரும் போர்ட் முகவரிகளும் மென்பொருள் இன்டரப்ட் எண்களும் பொட்டல வகை எண்களும் ஹெக்ஸ் எண்கள். ஐஆர்க்யூ எண்கள் சாதாரண எண்கள்.

கார்டு

நோவெலின் என்ஈ2000 கார்டையே எடுத்துக்கொள்வோம். நேஷனல் செமிகண்டக்டரின் 8390 குடும்பச் சிப்பை வைத்துச் செய்த 16 பிட் ஈதர்நெட் கார்டு அது. அதற்கு முந்தைய என்ஈ1000 எட்டு பிட். வேகத்தில் இதை மிஞ்சிய கார்டுகள் பல உண்டு. ஆனால் மலிவான நகல்கள் ஏராளமாக வந்ததால், என்ஈ2000க்கு எழுதிய டிரைவர் எங்கும் கிடைக்கும். 86பாக்ஸ், டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போன்ற எமுலேட்டர்களும் இதே கார்டைப் போலிசெய்கின்றன. முதல்முறை முயல்பவர் வேறு கார்டைத் தேட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கார்டு கணினியோடு பேச இரண்டு எண்கள் வேண்டும்: போர்ட் முகவரி, ஐஆர்க்யூ. என்ஈ2000க்கு வழக்கமாக 300, 3. இந்த 3 இரண்டாவது சீரியல் போர்ட்டுக்கும் உரிய எண். அங்கே மோடமோ மவுஸோ இருந்தால் இரண்டில் ஒன்று அடங்கிப்போகும், அல்லது கணினி உறைந்து நிற்கும். சீரியல் போர்ட்டை அணைத்துவிடுங்கள், முடியாவிட்டால் கார்டை வேறு ஐஆர்க்யூவுக்கு மாற்றுங்கள். 5 என்று வைத்தால் சவுண்ட் பிளாஸ்டர் அங்கே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்ட் முகவரியில் இன்னொரு மறைவான சிக்கல் உண்டு. இந்தக் கார்டு தொடர்ச்சியாக 32 போர்ட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். 360 என்று அமைத்தால் 37எஃப் வரை அதன் கைக்குள் போய்விடும். முதல் பிரிண்டர் போர்ட் இருப்பது 378இல். கார்டு வேலை செய்யும், ஆனால் பிரிண்ட் கொடுக்கும்போது நெட்வொர்க் அறுந்துபோகும். இதைக் கேபிள் பழுது என்று நினைத்து நாள்கணக்கில் தேடுபவர்கள் உண்டு. 300 காலியாக இருந்தால் 300லேயே விடுங்கள்.

பழைய கார்டுகளில் இந்த எண்களை ஜம்பர்களால் அமைக்க வேண்டும். 3காம் நிறுவனத்தின் 3சி509 போன்றவற்றில் ஒரு அமைப்பு நிரல் வழியாகக் கார்டின் நினைவகத்திலேயே எழுதலாம். கோஆக்ஸ், முறுக்கிணைக் கம்பி இரண்டுக்கும் இடம் உள்ள கார்டானால், எது வேலை செய்ய வேண்டும் என்பதையும் அங்கேயே தேர்ந்தெடுக்க வேண்டும். கோஆக்ஸ் என்றால் இரு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர் கட்டாயம். ஒன்று கழன்றாலும் அந்தக் கம்பியில் உள்ள அத்தனை கணினிகளும் நின்றுவிடும்.

ஒரு கார்டுக்கு ஒரு சொந்தக்காரர்

டிரைவரின் வேலை குறுகியது. மேலிருந்து வரும் பைட்டுகளைக் கார்டுக்குத் தள்ளுவது, கார்டுக்கு வந்தவற்றை மேலே கொடுப்பது. அந்தப் பைட்டுகளின் பொருள் அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

நோவெலின் தொடக்கக்கால முறையில் இந்தப் பிரிவினைகூட இல்லை. கணினிக்குக் கணினி ஒரு உருவாக்க நிரலை ஓட்டி, கார்டின் டிரைவரையும் ஐபிஎக்ஸ் புரோட்டோகாலையும் இணைத்து ஐபிஎக்ஸ்.காம் என்ற ஒரே கோப்பாகச் செய்தார்கள். அந்தக் கோப்பு ஏறியதும் கார்டு முழுதும் அதற்கே சொந்தம். அதே கணினியிலிருந்து யூனிக்ஸ் சர்வருக்கு டிசிபி/ஐபி வழியாகப் போக வேண்டுமானால் வேறொரு ஆட்டோஎக்ஸெக்.பேட் வைத்து மீண்டும் பூட் செய்ய வேண்டும். காலையில் நோவெலின் நெட்வேர் சர்வர், மதியம் யூனிக்ஸ் என்று பூட் செய்தே பொழுதைக் கழித்த அலுவலகங்கள் இருந்தன. ஒரே கார்டை இரண்டு புரோட்டோகால்கள் எப்படிப் பகிர்வது? 1980களின் பிற்பாதியில் இந்தக் கேள்விக்கு மூன்று விடைகள் வந்தன. நீங்கள் சந்திக்கும் டிரைவர்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றைச் சேர்ந்தவையாக இருக்கும்.

முதல் விடை பாக்கெட் டிரைவர். 1986இல் தொடங்கிய எஃப்டிபி சாஃப்ட்வேர் நிறுவனம் தன் பிசி/டிசிபி தொகுப்புக்காக வகுத்து, எவரும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்ட விதிமுறை இது. நியூயார்க் மாநிலத்தின் பாட்ஸ்டாம் ஊரிலுள்ள கிளார்க்சன் பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் நெல்சன் பல கார்டுகளுக்கான டிரைவர்களை ஒரே தொகுப்பாகச் சேர்த்தார். பிறகு அது கிரின்வர் என்ற பெயரில் மூலநிரலோடு பரவியது. இன்று பழைய கணினிகளை உயிர்ப்பிக்கும் எல்லோரும் இந்தத் தொகுப்புக்குக் கடன்பட்டவர்கள்.

இதன் அமைப்பு சிறியது, அழகானது. டிரைவர் 60 முதல் 80 வரையுள்ள மென்பொருள் இன்டரப்ட்டுகளில் ஒன்றில் உட்காரும். அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, அந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, நிரல் தொடங்கும் இடத்திலிருந்து மூன்று பைட் தள்ளி ‘பிகேடி டிஆர்விஆர்’ என்ற குறி இருக்கிறதா என்று தேடினால் போதும். மேலேயுள்ள நிரல், “இந்த வகை எண்ணுள்ள பொட்டலங்கள் எனக்கு” என்று பதிவு செய்யும். பதிலுக்கு ஒரு கைப்பிடி எண் கிடைக்கும். ஐபிக்கு வகை எண் 0800, முகவரி தேடும் ஏஆர்பிக்கு 0806, ஐபிஎக்ஸுக்கு 8137.

பொட்டலம் வந்து சேரும்போது நடப்பதைக் கவனியுங்கள். டிரைவரிடம் அதை வைத்துக்கொள்ளத் தனி இடம் இல்லை. ஆகவே பதிவு செய்த நிரலை அது இரண்டு முறை கூப்பிடும். முதல் அழைப்பில் நீளத்தைச் சொல்லி, எங்கே வைக்கட்டும் என்று கேட்கும். நிரல் ஒரு முகவரி தரலாம், சுழியம் தந்து வேண்டாம் என்றும் சொல்லலாம். டிரைவர் அங்கே பைட்டுகளை நகலெடுத்துவிட்டு, வைத்துவிட்டேன் என்று இரண்டாம் முறை கூப்பிடும். இரண்டு அழைப்பும் இன்டரப்ட்டுக்குள்ளேயே நடக்கின்றன. 640 கேபிக்குள் எல்லாமே வாழ வேண்டியிருந்த காலத்தில், நினைவகத்தை இரண்டு இடத்தில் வீணாக்காத இந்த ஏற்பாடு மிகவும் பொருத்தமானது.

ஒரு வரம்பையும் நினைவில் வையுங்கள். ஒரு வகை எண்ணை ஒருவர் பிடித்துவிட்டால் அடுத்தவருக்குக் கிடைக்காது. ஐபிஎக்ஸும் ஐபியும் சேர்ந்திருக்கலாம்; ஐபி கேட்கும் இரண்டு நிரல்கள் சேர்ந்திருக்க முடியாது. டாஸில் பல நிரல்கள் டிசிபி/ஐபியைத் தங்களுக்குள்ளேயே சுமந்தன. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் எரிக் ஏங்கல்கே எழுதிய வாட்டிசிபி நூலகத்தைச் சேர்த்துக் கட்டிய நிரல்கள் இந்த வகை. ஒன்றை முடித்து வெளியே வந்தால்தான் அடுத்தது ஓடும்.

இரண்டாவது விடை மைக்ரோசாஃப்டும் 3காமும் சேர்ந்து வகுத்த என்டிஐஎஸ். லான் மேனேஜரும் அதன் வழி வந்தவையும் இதைப் பயன்படுத்தின. புரோட்மேன், கார்டு டிரைவர், புரோட்டோகால் ஆகியவை கான்ஃபிக்.சிஸ் வழியாக ஏறும். யார் யாரோடு இணைய வேண்டும் என்பது புரோட்டோகால்.ஐஎன்ஐ கோப்பில் இருக்கும். ஏறியவுடன் அவை ஒன்றோடொன்று இணைந்துவிடாது. ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் நெட்பைண்ட் ஓடும்போதுதான் முடிச்சு விழும். எல்லா டிரைவரும் பிழையில்லாமல் ஏறியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் முதலில் நெட்பைண்ட் வரி இருக்கிறதா என்று பாருங்கள். பொட்டலம் வந்தால், அதன் முன்பகுதியை ஒவ்வொரு புரோட்டோகாலிடமும் முறையாகக் காட்டி, உன்னுடையதா என்று கேட்பது இதன் வழக்கம்.

மூன்றாவது, நோவெலும் ஆப்பிளும் 1989இல் கொண்டுவந்த ஓடிஐ. இங்கே நடுவில் எல்எஸ்எல் என்ற தனி அடுக்கு உண்டு. கூட்டுக்குடும்ப வீட்டுக்கு வரும் தபால்களைப் பெயர் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் பெரியவரைப் போல, ஒவ்வொரு பொட்டலத்தின் அடையாள எண்ணைப் பார்த்து உரிய புரோட்டோகாலிடம் அது சேர்க்கும். ஏற்றும் வரிசை எல்எஸ்எல், என்ஈ2000, ஐபிஎக்ஸ்ஓடிஐ, கடைசியாக நெட்வேர் சர்வரோடு பேசும் நெட்எக்ஸ் அல்லது விஎல்எம். நினைவகத்திலிருந்து இறக்கும்போது இதே வரிசையைத் தலைகீழாகப் பின்பற்ற வேண்டும்; நடுவிலிருப்பதை உருவ முயன்றால் மறுத்துவிடும். அமைப்பு எண்களெல்லாம் நெட்.சிஎஃப்ஜி என்ற கோப்பில். அதில் கார்டின் தலைப்பு வரி இடப்பக்கத்தில் தொடங்கும். அதற்குரிய போர்ட், இன்டரப்ட், ஃப்ரேம் வரிகள் உள்ளே தள்ளி எழுதப்பட வேண்டும். தள்ளாமல் எழுதினால் அந்த வரிகள் கணக்கில் வராது.

ஷிம்

மூன்று விதிமுறை வந்தபின் அடுத்த சிக்கல் தானாக வந்தது. நெட்வேருக்கு ஓடிஐ டிரைவர் ஏறியிருக்கிறது. நமக்குப் பிடித்த டெல்நெட் நிரலோ பாக்கெட் டிரைவரைத் தேடுகிறது. இரண்டு டிரைவர்களை ஒரே கார்டின்மேல் ஏற்றக் கூடாது. இதற்காக எழுதப்பட்ட சிறு இடைநிரல்களைத்தான் ஷிம் என்கிறோம். ஓடிஐபிகேடி கீழே ஓடிஐயிடம் பேசி, மேலே பாக்கெட் டிரைவராகத் தோற்றமளிக்கும். டிஸ்_பிகேடி கீழே என்டிஐஎஸ், மேலே பாக்கெட் டிரைவர். பிடிஈதர் கீழே பாக்கெட் டிரைவர், மேலே ஓடிஐ. நோவெலின் ஓடிஐஎன்சப் கீழே ஓடிஐ, மேலே என்டிஐஎஸ்.

எதை அடியில் வைப்பது? நெட்வேர் சர்வர் கட்டாயம் என்றால் ஓடிஐயை அடியில் வைத்து ஓடிஐபிகேடி சேர்க்கவும். மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க் கட்டாயம் என்றால் என்டிஐஎஸ், அதன்மேல் டிஸ்_பிகேடி. டிசிபி/ஐபி மட்டும் போதுமென்றால் பாக்கெட் டிரைவர் ஒன்றே போதும், வேறெதையும் தொடாதீர்கள். ஷிம்மின்மேல் ஷிம் அடுக்குவதை நான் எங்கும் பரிந்துரைக்க மாட்டேன். பழுது வந்தால் எந்த அடுக்கு என்று கண்டுபிடிக்கவே முடியாது.

புரோட்டோகாலும் ஃப்ரேமும்

டாஸ் காலத்தில் மூன்று புரோட்டோகால்களைச் சந்திப்பீர்கள். ஐபிஎக்ஸ், ஜெராக்ஸ் எக்ஸ்என்எஸ்ஸின் வழித்தோன்றல். நான்கு பைட் நெட்வொர்க் எண்ணோடு கார்டில் பொறித்த ஆறு பைட் முகவரியையே கணினியின் முகவரியாக எடுத்துக்கொள்வதால், கணினிக்குக் கணினி முகவரி எழுதும் வேலை இல்லை. நெட்பியூய் சிறியது, ஒரே கம்பிக்குள் விரைவானது, ரவுட்டரைத் தாண்டாது. டிசிபி/ஐபிக்கு முகவரி, மாஸ்க், கேட்வே எல்லாம் கொடுக்க வேண்டும், ஆனால் உலகம் முழுவதும் போகும்.

இங்கே மிக அதிகமானவர்களை வீழ்த்திய குழி ஃப்ரேம் வகை. ஈதர்நெட் ஃப்ரேமில் இரண்டு முகவரிகளுக்கு அடுத்து இரண்டு பைட் உண்டு. ஈதர்நெட் 2 முறையில் அது வகை எண்; 802.3 முறையில் அது நீளம். சாதாரண எண்ணில் அது 1500க்குள் இருந்தால் நீளம், 1536 அல்லது அதற்குமேல் இருந்தால் வகை. நோவெல் தொடக்கத்தில் நீளத்துக்கு அடுத்து நேராக ஐபிஎக்ஸ் பொட்டலத்தையே வைத்தது. இது ‘ரா’ 802.3. நெட்வேர் 3.12, 4 பதிப்புகளில் வழக்கநிலையை 802.2 ஆக மாற்றிவிட்டது. ஆகவே பழைய நெட்.சிஎஃப்ஜி கோப்போடு புதிய சர்வரைத் தேடினால், கார்டு சரி, கேபிள் சரி, டிரைவர் சரி, ஆனால் சர்வர் காணவில்லை என்றே செய்தி வரும். இரண்டும் ஒரே கம்பியில் இருந்தும் ஒன்றையொன்று கேட்காது. டிசிபி/ஐபி வழக்கமாக எதிர்பார்ப்பது ஈதர்நெட் 2. ஓடிஐயில் ஒரே கார்டுக்கு இரண்டு ஃப்ரேம் வரிகள் எழுதலாம். ஒவ்வொன்றும் தனித்தனி போர்டாக, அதாவது தனிக் கார்டுபோல, தோன்றும். ஓடிஐபிகேடியை ஏற்றும்போது அவற்றில் ஈதர்நெட் 2 உள்ள போர்டின் எண்ணைக் கொடுக்க மறக்கக் கூடாது.

நிரல் கூப்பிடும் இடம்

நெட்பயாஸும் நெட்பியூயும் ஒன்றென்று நினைப்பவர்கள் ஏராளம். நெட்பயாஸ், ஐபிஎம்மின் பிசி நெட்வொர்க்குக்காக சைடெக் நிறுவனம் செய்த இன்டர்ஃபேஸ். நிரல் 64 பைட் கட்டுப்பாட்டுப் பட்டியல் ஒன்றை நிரப்பி, இன்டரப்ட் 5சி வழியாக ஒப்படைக்கும். கீழே அதை எது சுமக்கிறது என்று நிரல் கேட்பதில்லை. நெட்பியூய் சுமக்கலாம், நோவெலின் நெட்பயாஸ் நிரலை ஏற்றினால் ஐபிஎக்ஸ் சுமக்கும், 1987இல் வெளியான ஆர்எஃப்சி 1001, 1002 ஆவணங்களின்படி டிசிபி/ஐபியும் சுமக்கலாம். எனவே ஒரு பழைய நிரல் ‘நெட்பயாஸ் தேவை’ என்றால் பதற வேண்டாம். நெட்பியூயைத் தேடி அலையவும் வேண்டாம். உங்களிடம் ஏற்கெனவே ஓடும் புரோட்டோகால் அதைச் சுமக்குமா என்று பாருங்கள்.

ஐபிஎக்ஸின் இன்டர்ஃபேஸ் இன்னும் நெடுங்காலம் வாழ்ந்தது. 1993 டிசம்பரில் வந்த டூம் விளையாட்டு ஐபிஎக்ஸ் வழியாகப் பலரை ஒன்றாக ஆடவைத்தது. இணையம் பரவியபின் காலி என்ற நிரல், விளையாட்டுகளுக்கு ஐபிஎக்ஸ் இருப்பதுபோலக் காட்டி, உண்மையில் பொட்டலங்களை இணையம் வழியே அனுப்பியது. டாஸ்பாக்ஸ் இன்றும் அதையே செய்கிறது. விளையாட்டின் ஒரு பைட்டைக்கூட யாரும் மாற்றவில்லை.

விண்டோஸ் 3.1இல் டிசிபி/ஐபிக்கான வாசல் வின்சாக். பெர்க்லி யூனிக்ஸின் சாக்கெட் முறையை விண்டோஸுக்கு ஏற்ப வகுத்து, 1993 ஜனவரியில் 1.1 பதிப்பாக உறுதிசெய்தார்கள். டாஸ்மானியாவின் பீட்டர் டாட்டம் எழுதிய ட்ரம்பெட் வின்சாக் அதைப் பாக்கெட் டிரைவரின்மேல் கட்டியது. விண்டோஸுக்கு முன்பே, பாக்கெட் டிரைவரை அடுத்து, வின்பிகேடியை ஏற்றிவிட வேண்டும். ஏனெனில் 386 என்ஹான்ஸ்டு முறையில், பொட்டலம் வரும் நொடியில் அதற்காகப் பதிந்த நிரல் வேறொரு மெய்நிகர் கணினிக்குள் இருக்கலாம். சரியான இடத்துக்கு அழைப்பைத் திருப்புவது வின்பிகேடியின் வேலை. ஒவ்வொரு நிறுவனமும் வின்சாக்.டிஎல்எல் என்ற ஒரே பெயரில்தான் கோப்பைத் தந்தது. டிஸ்க் முழுதும் தேடி, உங்கள் அடுக்குக்குரிய ஒன்றை மட்டும் வைத்து மற்றவற்றின் பெயரை மாற்றிவிடுங்கள்.

பழுது தேடும் வரிசை

கீழிருந்து மேலே ஏறுங்கள். ஒரு படி உறுதியாகாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

கார்டோடு வந்த சோதனை நிரலை, எந்த டிரைவரும் ஏறாத சுத்தமான பூட்டில் ஓட்டிப் பாருங்கள். அது தேறினால் டிரைவரை மட்டும் ஏற்றுங்கள். திரையில் கார்டின் ஆறு பைட் முகவரி தெரிய வேண்டும். எல்லாமே எஃப்எஃப் என்றோ எல்லாமே சுழியம் என்றோ வந்தால் போர்ட் எண் தவறு. முகவரி சரியாக வந்தும் எந்தப் பொட்டலமும் உள்ளே வராவிட்டால் சந்தேகம் ஐஆர்க்யூ மீது. அனுப்ப முடியும், ஆனால் வந்தது தெரியாது என்பது அதன் தெளிவான அறிகுறி.

இஎம்எம்386 என்ற நினைவக மேலாளர் ஏறியிருந்தால், சொந்த நினைவகப் பகுதியைப் பயன்படுத்தும் கார்டுகளுக்கு அந்தப் பகுதியை விலக்கிவைக்க வேண்டும். என்ஈ2000 போர்ட் வழியாகவே பைட்டுகளை நகர்த்துவதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து புரோட்டோகால். பாக்கெட் டிரைவரின்மேல் சோதிக்க மைக்கேல் புரூட்மேனின் எம்டிசிபி தொகுப்பை வைத்துக்கொள்ளுங்கள். 8088 கணினியில்கூட ஓடும். அமைப்புக் கோப்பில் பாக்கெட் டிரைவரின் இன்டரப்ட் எண்ணை எழுதி, கோப்பு இருக்கும் இடத்தைச் சூழல் மாறியில் சொல்லிவிட்டு, அதன் டிஹெச்சிபி நிரலை ஓட்டுங்கள். முகவரி கிடைத்துவிட்டால் கார்டு, ஐஆர்க்யூ, டிரைவர், ஃப்ரேம், கேபிள் ஐந்தும் ஒரே சோதனையில் தேறிவிட்டன. கிடைக்காவிட்டால் முகவரியைக் கையால் எழுதி, பக்கத்துக் கணினிக்குப் பிங் அனுப்புங்கள். அதற்குப் பதில் வந்தால் உங்கள் கணினியின் அடுக்குகளை இனித் தொட வேண்டியதில்லை. டிஹெச்சிபி தரும் ரவுட்டரைப் பாருங்கள்.